வீட்டுச் சாப்பாடு மட்டும்

எனக்கு யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்பதை முதலில் கண்டுபிடித்தது நான்தான். டாக்டர்கள் அந்த முடிவுக்கு வந்ததெல்லாம் பிறகு. யார் வைத்தது என்பதில் மட்டும் கோட்டை விட்டுவிட்டேன்.

பிறவியிலேயே சந்தேகப் புத்தி எனக்கு. பெட்ரோல் பங்கில் மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகுதான் டேங்க் மூடியைத் திறப்பேன். நான் டீக்கடைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றால், என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று முடிவு கட்டிவிடுவேன். அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஏனென்றால் அப்போது நான் எங்கள் பஞ்சாயத்தில் வார்டு உறுப்பினர். மது, போதை ஒழிப்புக் குழுவின் பொறுப்பும் என் தலையில் இருந்தது. இப்போது எல்லாருக்கும் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் பார்த்துக்கொள்கிறார். மெம்பர் கலியபெருமாள் வெறும் கலியபெருமாள் ஆகிவிட்டேன். அதனால் இதை எழுத வசதியாக இருக்கிறது.

ஆண்டிமடத்திலிருந்து உள்ளே தள்ளி, முந்திரிக் காடுகளுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஊர். அரசாங்கக் கடை டவுனில்தான். ஆனால் அது திறப்பதற்கு முன்பும் மூடிய பிறகும் எங்கள் முந்திரித் தோப்பில் பாட்டில் கிடைக்கும். ராஜாங்கம் என்பவன் மொத்தமாக வாங்கி வந்து கூடுதல் விலைக்கு விற்றுக்கொண்டிருந்தான். கொஞ்ச காலத்தில், வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிற பையன்களும் அங்கேயே உட்கார ஆரம்பித்தார்கள். கிராம சபையில் பெண்கள் எழுந்து கத்தினார்கள். தீர்மானம் போட்டோம், குழு போட்டோம். "கலியபெருமாள் யாரையும் நம்ப மாட்டான், அவனே இருக்கட்டும்" என்று தலைவர் என் பெயரைச் சொல்ல, எல்லாரும் கை தட்டினார்கள்.

போலீசோடு போய்ப் பாட்டிலைக் கொட்டுவது சுலபமான வேலை. குடிக்கிறவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதுதான் கஷ்டம். அரசு மருத்துவமனையில் குடியை நிறுத்தச் சிகிச்சை இருக்கிறது, வா என்று நின்றுகொண்டு சொன்னால் எவனும் கேட்கமாட்டான். பக்கத்தில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் அவன் அழுவான், தோளில் சாய்வான், சமயத்தில் மேலேயே வாந்தி எடுப்பான். சாயங்காலம் ஆனால் இதுதான் என் பிழைப்பாகிப்போனது. வேளைக்குச் சாப்பிடாததால் வயிறு உப்ப ஆரம்பித்தது. நாட்டு மருந்துக் கடையில் சீரணத்துக்கு ஓர் அரிஷ்டம் வாங்கி வைத்தேன்; வயிறு ரொம்ப உப்பும் நாளில் மட்டும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மூடி குடித்துவிட்டுப் படுப்பேன்.

உடம்பு முதலில் சோர்வாகத்தான் ஆரம்பித்தது. பசி போனது. உள்ளங்கையும் காலும் அரித்தன. பிறகு ஒருநாள் ராத்திரி சாப்பிட்டு எழுந்த சிறிது நேரத்தில் முகம் தீயில் காட்டினது போல எரிந்தது. நெஞ்சு தடதடவென்று அடித்தது. வாசலுக்குப் போவதற்குள் வாந்தி. என் மனைவி வசந்தா தலையைப் பிடித்துக்கொண்டாள், தண்ணீர் கொடுத்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. ஆனால் பதற்றமே இல்லை. எனக்கு அது விநோதமாகப் பட்டது. பெரிய மனசுக்காரி, நமக்குத் தைரியம் வரட்டும் என்று அடக்கிக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் கடைத்தெருவில் ராஜாங்கம் எனக்குப் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்திருந்தான். "நமக்குள்ள என்ன மெம்பரே பகை, குடிங்க" என்று சிரித்தான். வெயிலுக்கு நானும் குடித்துத் தொலைத்தேன். வாந்தி எடுத்துக்கொண்டே எனக்கு அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வந்தது.

கண் மஞ்சளானதும் ஜெயங்கொண்டம் அரசு மருத்துவமனைக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள். எண்களைப் பார்த்த டாக்டர் பெரிய இடத்துக்குப் போகச் சொன்னார். வசந்தாவின் தம்பி தனபால் பெரம்பலூரில் குடியிருப்பதால், அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். காப்பீட்டு அட்டையில் எது வரும், எது வராது என்று கவுண்டருக்கும் வார்டுக்கும் அலைந்த தனபாலின் செருப்பு அறுந்தே போனது. "இது வராதுங்க" என்று கவுண்டரில் சொல்லும் ஒவ்வொரு தடவையும் வசந்தா என் முகத்தைப் பார்க்காமல் கைப்பையைத் திறப்பாள்.

அங்கே எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை உங்களுக்கும் சொல்கிறேன். பழைய ரத்த அணுக்கள் உடையும்போது ஒரு மஞ்சள் சாயம் வருகிறது. அதற்குப் பெயர் பிலிரூபின். அதை வெளியே தள்ள வேண்டியது ஈரலின் வேலை. ஈரல் படுத்துக்கொண்டால் சாயம் ரத்தத்தில் தங்கிக் கண்ணுக்கு வந்துவிடும். ஈரல் செல்லுக்குள் இருக்கவேண்டிய சில என்சைம்கள், செல் உடைந்தால் ரத்தத்தில் கசியும். அதை அளந்தால் எவ்வளவு சேதம் என்று தெரியும். மூன்றாவதாக ஐ.என்.ஆர். என்று ஒரு சோதனை. ரத்தம் உறைவதற்கான பொருளை ஈரல்தான் செய்கிறது. ரத்தம் உறையத் தாமதமானால் இந்த எண் ஏறும். ஏறினால் ஈரல் கை விரிக்கிறது என்று அர்த்தம். மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கான சோதனை எல்லாம் செய்தார்கள். ஒரு கிருமியும் இல்லை. வயிற்றில் பசையைத் தடவி ஸ்கேன் எடுத்தார்கள். கல்லும் இல்லை, கட்டியும் இல்லை.

எனக்கு வைத்தியம் பார்த்தவர் ஒரு பெண் டாக்டர். மென்மையாகப் பேசுவார். ஆனால் கேள்வி ஒன்றுதான்.

"குடிப்பீங்களா சார்?"

"இல்லீங்க."

"எப்பவாவது? கல்யாணம், திருவிழான்னு?"

"தொட்டதே இல்லீங்க. நான் மது ஒழிப்புக் குழுவுலதான் இருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் கூட நின்ற நர்ஸ் சிரித்துவிட்டாள். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். டாக்டர் ஆங்கிலத்தில் எழுதியதைத் தனபால் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "நோயாளி மறுக்கிறார்னு எழுதியிருக்காங்க மாமா" என்றான். குடிப்பதில்லை என்று எழுதவில்லை. மறுக்கிறாராம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை நாள் தோப்பில் உட்கார்ந்து, "நான் குடிக்கலீங்க" என்று சத்தியம் செய்தவர்களை நான் எப்படிப் பார்த்தேனோ, அப்படித்தான் அந்த அம்மாள் என்னைப் பார்த்தார்.

அந்த நிமிஷத்திலிருந்து நானும் ஆஸ்பத்திரியைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன். சலைன் பாட்டிலின் மூடி என் கண்ணெதிரே திறக்கப்பட வேண்டும் என்றேன். மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கித் தேதியைப் பார்த்தேன். கேண்டீனில் சாப்பாடு கொண்டு வருகிறவன் எங்கள் பக்கத்துப் பேச்சு பேசினான். ராஜாங்கத்துக்கு எங்கெல்லாம் உறவோ, யாருக்குத் தெரியும்? தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

"வசந்தா, இனிமே உன் கையால செஞ்சத தவிர பச்சத் தண்ணிகூட தொட மாட்டேன்" என்றேன்.

அவள் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "செஞ்சு எடுத்தாறேன்" என்றாள்.

அன்றிலிருந்து மூன்று வேளையும் தனபால் வீட்டிலிருந்து தூக்குவாளி வந்தது. குழைய வடித்த சோறு, மிளகு குறைத்த ரசம், இட்லி. என்னால் நாலு வாய்க்கு மேல் இறங்காது. அவள் விடமாட்டாள். "ரசத்த மட்டுமாவது குடிச்சுருங்க" என்று டம்ளரில் ஊற்றிக் கொடுத்துக் காலியாகும் வரை நிற்பாள். அரிப்பு தாங்காமல் நான் சொறிந்துகொண்டால், ஈரத் துணியால் முதுகெல்லாம் துடைத்துவிடுவாள். தோல் கிழியாதிருக்க என் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டாள். கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்திருப்பவள், நான் புரண்டால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவாள். இந்த உலகத்தில் நம்புவதற்கு ஒருத்தியாவது இருக்கிறாளே என்று எனக்கு அழுகை வரும்.

ஆனால் எண்கள் ஏறிக்கொண்டே போயின. ஓய்வு எடுக்கிறேன், குளுக்கோஸ் இறங்குகிறது, வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறேன், இருந்தும் ஏறின. டாக்டரின் நெற்றி சுருங்கியது. ஒருநாள் நர்ஸ் படுக்கை விரிப்பை மாற்றும் சாக்கில் தலையணை உறைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். நான் உள்ளேயே குடிக்கிறேன் என்று அவர்களுக்குச் சந்தேகம்.

பக்கத்துக் கட்டிலில் அரும்பாவூர்க்காரர் ஒருவர். நிஜமாகவே குடித்துக் கெட்டவர், பாவம். அவர் மனைவி வசந்தாவிடம், "ஒங்க வூட்டுக்காரரு எத்தினி வருசமா குடிக்கிறாரு?" என்று கேட்டாள். நான் கண்ணை மூடியபடி காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். என் மனைவி, "அவரு குடிக்க மாட்டாரு" என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ தூக்குவாளியைக் கழுவ எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஊரிலும் செய்தி பரவிவிட்டது. தலைவர் போனில் கூப்பிட்டார். "கலியா, தப்பா நெனைக்காத. ராஜாங்கம் டீக்கடையில உக்காந்து ஒன்னப்பத்தி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். நெசமாவே பழக்கம் கிழக்கம் எதும்..." நான் போனை வைத்துவிட்டேன். செத்துப்போனால்கூட, குடித்துச் செத்தான் என்றுதான் ஊர் பேசும். குழுவும் அன்றோடு முடிந்துவிடும். சாவதா, இந்தக் கெட்ட பெயரா, எனக்கு எது பெரிய பயம் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

மறுநாள் டாக்டர் வசந்தாவையும் தனபாலையும் என் கட்டிலருகே வைத்தே பேசினார். ஐ.என்.ஆர். இன்னும் ஏறினால் சென்னைக்கு அனுப்ப வேண்டியிருக்கும், ஈரல் மாற்று அறுவை சிகிச்சை வரைக்கும் யோசிக்க வேண்டியிருக்கும் என்றார். தனபால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். வசந்தாவின் முகம் வெளுத்துப்போனது. உதடு அசைந்தது. ஆனால் சத்தம் வரவில்லை. எனக்குச் சாவு பயம் வந்துவிட்டது. அதை மறைத்து எழுத நான் ஒன்றும் வீரனில்லை. மூத்திரம் முட்டியது.

அன்று சாயங்காலம் அவள் கொடுத்த ரசத்தைக் குடித்தேன். வயிறு கல்லாக உப்பியிருந்தது. ஊரிலிருந்து வரும்போது என் துணிப் பையில் அரிஷ்டப் பாட்டிலைச் சுருட்டி வைத்திருந்தேன். அதை மருந்து என்றே நான் நினைத்ததில்லை. சீரகத் தண்ணீர் மாதிரி ஒன்று, அவ்வளவுதான். டாக்டரிடம் சொல்லத் தோன்றவே இல்லை. வசந்தா வாளி கழுவப் போயிருந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு முதல் தடவையாக ஒரு மூடி குடித்தேன். கொஞ்ச நேரம்தான். முகம் எரிந்தது, காது அடைத்தது, நெஞ்சு தெறித்துவிடும் போல அடித்தது. வாந்தி கட்டிலெல்லாம். நர்ஸ் ஓடி வந்தாள், டாக்டர் வந்தார், ரத்த அழுத்தம் இறங்குகிறது என்று ஏதேதோ ஊசி போட்டார்கள். நர்ஸ் பையை உதறியதில் பாட்டில் கீழே விழுந்தது. அவள் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு டாக்டரிடம் நீட்டினாள்.

டாக்டர் லேபிளைப் படித்தார். "இதையா குடிச்சீங்க? இது அரிஷ்டம். புளிக்க வச்சு செய்யறது, கொஞ்சம் ஆல்கஹால் இருக்கத்தான் செய்யும். ஆனா ஒரு மூடிக்கு இப்படி ஆகாதே." அவர் என்னை விட்டுவிட்டு வாசலில் நின்ற வசந்தாவைப் பார்த்தார். "வேற ஏதோ உள்ள போயிருக்கு. என்னம்மா குடுத்தீங்க?"

வசந்தா டாக்டரைப் பார்க்கவில்லை. அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுலயா சாராயம் இருக்கு? அப்ப... நீங்க வேற எதையும் குடிக்கலியா?" என்று என்னைக் கேட்டாள். கைப்பையைத் திறந்து ஒரு வெள்ளைப் பொட்டலத்தை எடுத்து டாக்டர் கையில் வைத்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

குடியை மறக்கடிக்கும் பொடி அது. மகளிர் குழுத் தலைவி அஞ்சலை ஜெயங்கொண்டம் சந்தையில் ஒருவனிடம் வாங்கி வந்து, ஊரில் பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறாள். புருஷனுக்குத் தெரியாமல் ரசத்தில் கலந்துவிட வேண்டும். வாசனை இல்லை, ருசி இல்லை. குடிக்காதவனை ஒன்றும் செய்யாது, குடிப்பவனுக்கு முகம் சிவந்து வாந்தி வரும், ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று விற்றவன் சொல்லியிருக்கிறான்.

"தெனம் சட்டையில வாடையோட வந்தீங்க" என்று அழுதாள் வசந்தா. "கேட்டா குழு வேலைங்கிறீங்க. எங்கப்பாவும் சாகுற வரைக்கும் குடிக்கலன்னுதான் சொன்னாரு. நீங்க மொகம் செவந்து வாந்தி எடுத்தீங்க, பொடி காட்டிக்குடுத்துருச்சுன்னு நெனச்சேன். இங்கயும் யாரோ வாங்கியாந்து குடுக்குறாங்கன்னு, வுடாம கலந்தேன்."

"ஈரல மாத்தணும்னு காலையில சொன்னப்பவும் வாயத் தொறக்கலியே அக்கா" என்றான் சத்தம் கேட்டு ஓடி வந்திருந்த தனபால்.

"தொறந்தேன்டா. வரல."

பொட்டலத்தில் இருப்பது என்னவென்று சோதித்தால்தான் உறுதியாகத் தெரியும் என்றார் டாக்டர். குடியை நிறுத்துவதற்கு மருத்துவர்களே கொடுக்கும் ஒரு மாத்திரை உண்டு. அதைச் சாப்பிடுகிறவருக்குத் துளி மது, அரிஷ்டத்தில் இருக்கிற அளவுகூட, உள்ளே போனால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து உடம்பு எதிர்க்கும். அதைத் தூளாக்கிக் கலந்திருக்கிறார்கள் என்று அவர் சந்தேகப்பட்டார். சிலருக்கு, குடிக்காவிட்டாலும்கூட, அது ஈரலையே கெடுத்துவிடுமாம். அதனால்தான் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே, நோயாளிக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடு கொடுக்க வேண்டும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்குங்க சார். நானும் உங்கள நம்பல" என்றார்.

பொடி நின்றதும் எண்கள் முதலில் தயங்கி நின்றன, பிறகு இறங்கின. கண் வெளுத்தது. பசி வந்தது. ஆஸ்பத்திரிக் கேண்டீன் இட்லியை, யாரிடம் அத்தனை சந்தேகப்பட்டேனோ அவன் கையால் வாங்கித் தின்றேன். வசந்தா தூக்குவாளி கொண்டு வருவதை நிறுத்திவிட்டாள். நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அது தொடர்ந்தது. டாக்டர் எண்ணெய் கூடாது என்றார், நெஞ்சைக் கரிக்கிறது என்று ஏதாவது சாக்குச் சொல்லி, கடையிலிருந்து இட்லியோ ரொட்டியோ வாங்கி வரச்சொல்லித் தின்றேன். அவள் சமைத்ததை அவள் மட்டும் சாப்பிட்டாள். எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. நான் பிழைக்க வேண்டும் என்றுதான் அவள் அதைச் செய்தாள், அது எனக்குத் தெரியும். ஆனால் அவள் கரண்டியைக் கையில் எடுத்தாலே நான் செருப்பைத் தேட ஆரம்பித்தேன்.

கிராம சபை வந்தது. பொடி விஷயத்தை எடுக்க வேண்டாம் என்றார் தலைவர். "குழு வச்சிருக்கிற மெம்பர் வூட்லயே இப்படின்னா ஊரே சிரிக்கும்" என்றார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, பெண்கள் பக்கத்திலிருந்து வசந்தா எழுந்துவிட்டாள்.

"எங்க வூட்டுக்காரரு குடிக்கல. நான்தான் பொடிய கலந்தேன். சாவக் கெடந்தாரு. யாரு வூட்ல அந்தப் பொட்டலம் இருந்தாலும் எடுத்தாந்து குடுத்துருங்க."

பிறகு அஞ்சலை எழுந்தாள். அவள் கோபப்படவில்லை. "ஒங்க வூட்ல குடிக்காதவரு, அக்கா. நிறுத்திட்டீங்க. எங்க வூட்ல குடிக்கிறவரு இருக்காரு. ராத்திரியில எம்மேல கைய வைக்கிறவரு. பொடிய குடுத்துடுறேன். அதுக்குப் பதிலா பஞ்சாயத்துல என்ன வச்சிருக்கீங்க?" என்றாள்.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து, வாரம் ஒரு தடவை பஞ்சாயத்துப் பொறுப்பில் அரியலூர் அரசு மருத்துவமனைக்கு வண்டி விடலாம், குடிக்கிறவரோடு வீட்டில் ஒருத்தரும் போகலாம், டாக்டர் கொடுப்பதை அவருக்குத் தெரிந்தே கொடுக்கலாம் என்றேன். தீர்மானமாக எழுதினார்கள். அது அஞ்சலை கேட்டதற்குப் போதுமான பதில் இல்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சில பெண்கள் பொட்டலத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள். எல்லாரும் வைக்கவில்லை. எந்தெந்த வீட்டில் இன்னும் இருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ராஜாங்கம் இப்போதும் தோப்பில் விற்கிறான்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். வசந்தா தட்டை வைத்துச் சோறு போட்டு ரசத்தை ஊற்றினாள். நான் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். சோற்றில் கை வைக்க வரவில்லை. கடைக்குப் போய் வருகிறேன் என்று சொல்லவும் அன்றைக்கு வாய் வரவில்லை. ஊர் நடுவில் எனக்காக நின்றுவிட்டு வந்தவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள்.

அவளே கையை நீட்டினாள். என் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

அதெல்லாம் வேண்டாம் வசந்தா என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் விழுங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.